அண்டாவுக்குள் இரண்டு பூனைகள்

வீடு மாறுவது எப்படி இருக்கும் என்று நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெட்டி பெட்டியாக ஒட்டி, பெயர் எழுதி, ஆட்கள் வந்து ஏற்றிக்கொண்டு போவதெல்லாம் பிற்பாடு வந்தவை. நமக்குச் சேலையில் கட்டிய துணி, போர்வையில் சுற்றிய பாத்திரம், அரிசி மூட்டைக்குள் பத்திரமாகச் செருகிய முகம் பார்க்கும் கண்ணாடி. கட்டிலின் கால்கள் வானத்தைப் பார்த்தபடி ஒரு வண்டி ஊரைக் கடக்கும். நம்மிடம் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை வழியில் நிற்கிறவர்கள் ஒரே பார்வையில் தெரிந்துகொள்வார்கள்.

எங்கள் வண்டியில் யாருக்கும் தெரியாமல் ஒன்று இருந்தது. இதுவரை அதைப் பற்றி நான் பேசியதில்லை. போன மாதம் எனக்கு மாறுதல் உத்தரவு வந்து, கம்பத்து வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தபோது அப்பாவின் தகரப் பெட்டியில் ஒரு தபால் அட்டை கிடைத்தது. என் கையெழுத்துதான். ஐந்தாம் வகுப்பு முடித்த கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் கோட்டின் மேல் கவனமாக உட்கார்ந்திருந்தது. அட்டையில் தபால் முத்திரை விழவே இல்லை.

அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் மயிலாடும்பாறைக்கு அப்பால், மலையடிவாரத்தில் இருந்தோம். மானாவாரி நிலம். இரண்டு வருடம் தொடர்ந்து மழை ஏமாற்றியது. கம்பத்துப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்துக்குக் காவலுக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தோட்டத்துக்குள்ளேயே ஓட்டு வீடு, பக்கத்தில் மோட்டார் ரூம். இவற்றை எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியாகச் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்ததை அப்பா சொன்னார்.

"நடந்து போற தூரத்துல ஹைஸ்கூல் இருக்கு."

எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது. அப்பாவின் அப்பா, அம்மாவின் அம்மா, அவர்களுக்கு முன்னால் இருந்தவர்கள், எல்லோரும் பெருவிரலில் மை தடவியவர்கள். இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பெருமைப்படக் கூடாதென்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பஸ்ஸின் முன்னால் எழுதியிருக்கும் ஊரையும் உர மூட்டையில் இருப்பதையும் பத்து வயதில் நான்தான் வீட்டுக்குப் படித்துச் சொல்வேன். சாயங்காலம் நான் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது அப்பா எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். சரியா தப்பா என்று அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு வரிக்கும் தலையை ஆட்டுவார்.

இன்னொருத்தியும் வந்து உட்காருவாள். அவள் பெயர் சின்னவள்.

எங்களிடம் இரண்டு பூனைகள். தாய்க்குப் பெரியவள் என்று பெயர், மகளுக்குச் சின்னவள். பெரியவள் மூன்று நிறம் கலந்தவள். எங்கிருந்தோ வந்தாள், அடுப்படி மூலையில் படுத்தாள், பிறகு போகவில்லை. சின்னவள் என் புத்தகப் பைக்குள் பிறந்தாள், கணக்குப் புத்தகத்தின் மேல். சாம்பல் நிறம், நான்கு காலிலும் வெள்ளை. சாக்ஸ் போட்டிருக்கிறாள், பள்ளிக்கூடம் போகத் தயாராகிவிட்டாள் என்று வகுப்பில் பீற்றிக்கொண்டேன். அந்த நாலு வெள்ளைக் கால்களையும் பார்க்க என் தோழிகள் இரண்டு மைல் நடந்து வந்தார்கள்.

நான் "ரெண்டாம் வாய்ப்பாடு" என்று தொடங்கினால் போதும், எங்கிருந்தாலும் வந்துவிடுவாள். என் குரலுக்குத்தான் வந்தாள் என்று நினைக்கிறேன். பத்தாம் வாய்ப்பாடு முடிவதற்குள் தூங்கிவிடுவாள்.

பூனைகளைக் கூட்டிப் போவதில் அம்மாவுக்குச் சம்மதமில்லை.

"நாய் ஆளோட வரும், பூனை வீட்டோட இருக்கும். அதுகள எதுக்கு இழுத்துட்டுப் போகணும்? பக்கத்து வீட்டு அத்தை பாத்துக்கிறேன்னு சொல்லிட்டாக. சோறும் வைக்கேன்னு சொல்லிட்டாக."

அம்மா கல்நெஞ்சுக்காரி இல்லை. மீன் வாங்கினால் தலைகளைத் தனியே எடுத்து வைப்பது அவள்தான். அவளுக்குப் பயம். புது வீட்டில் பால் காய்ச்சுமுன் பூனை குறுக்கே வந்தால் என்ன ஆகும் என்ற பயம். பூனை வீட்டோடு இருக்கும் என்று அவள் சொன்னது அவள் கண்ணால் பார்த்துச் சொன்னது. இன்று நினைத்தால், அந்த வீட்டில் சரியாகச் சொன்னது அவள் ஒருத்திதான்.

நான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"அதுக வராட்டி நானும் வரல. ஆறாவதும் படிக்க மாட்டேன்."

இந்த இரண்டாவது வாக்கியத்தின் பலம் எனக்கு நன்றாகத் தெரியும். அப்பா அம்மாவைப் பார்த்தார்.

"படிக்குற புள்ள கேக்குது. விடு. அங்கன எலித் தொல்லையும் சாஸ்தியாம்."

அவ்வளவுதான். படிப்பு என்ற சொல் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் பேச்சு முடிந்துவிடும்.

சித்திரை மாதம். வீரபாண்டித் திருவிழா நேரம். வண்டிகள் எல்லாம் திருவிழாவுக்குப் போய்விட்டதால் ஒரே ஒரு மினி லாரிக்காரர்தான் கிடைத்தார். இருபத்தைந்து வயது இருக்கும். முந்தின நாள் சாமான்களைப் பார்க்க வந்தபோதே சொல்லிவிட்டார்.

"ஆடு ஏத்துங்க, கோழி ஏத்துங்க, ஒங்க மாமியார் இருந்தா அவுகளயும் ஏத்துங்க. பூனை மட்டும் என் வண்டியில ஏறக் கூடாதுண்ணே. எனக்கு ஆகாது. பூனை கீனை இருக்கா?"

"நம்ம வீட்ல பூனை ஏது தம்பி" என்றார் அப்பா.

அந்த நேரம் பார்த்துப் பெரியவள் உள்ளேயிருந்து வந்து அப்பாவின் காலில் முதுகை உரசிக்கொண்டு, வாலைத் தூக்கியபடி வெளியே போனாள்.

"பக்கத்து வீட்டுப் பூனை. சும்மா வந்து வந்து போகும்" என்றார் அப்பா. அவர் பொய் சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்காகச் சொன்னார் என்பதில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது.

கோழிகளைப் பஞ்சாரத்துக்குள் விட்டு, அந்த மூங்கில் கூடையை வண்டியின் உச்சியில் கட்டினார்கள். நாலு பக்கமும் காற்று வர, கோழிகள் ராஜாக்கள் மாதிரி உட்கார்ந்திருந்தன. பூனைகளுக்கு அண்டா. நெல் அவிக்கும் பெரிய அலுமினிய அண்டா, அம்மாவுக்குப் பிறந்த வீட்டில் கொடுத்தது, ஒரு பக்கம் நசுங்கியது. அடியில் என் பழைய யூனிஃபார்ம் பாவாடையை விரித்தேன், என் வாசனை இருக்கட்டும் என்று. முதலில் பெரியவளை இறக்கினோம். தாய் உள்ளே இருப்பதைப் பார்த்துவிட்டுச் சின்னவள் தானாகவே குதித்தாள்.

அப்பா அம்மாவின் பழைய நூல் சேலையை நனைத்து, வாயை மூடி, கயிற்றால் சுற்றிக் கட்டினார்.

"நூல் சேலைதான் ஆத்தா. காத்துப் போகும்."

பிறகு அண்டாவைத் தரையில் வைத்து மூன்று சுற்றுச் சுற்றினார். பூனையைத் தூர தேசம் கொண்டு போகும்போது அப்படிச் செய்தால் அது திசையை மறந்துவிடும், பழைய வீட்டைத் தேடிப் போகாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வண்டிக்காரர் அப்போதுதான் உள்ளே வந்தார்.

"என்னண்ணே, அண்டாவுக்குத் திட்டி சுத்துறீங்களா?"

"ஆமா தம்பி. புது எடத்துக்குப் போகுதுல்ல."

அவர் சிரித்துவிட்டு ஒரு பக்கம் பிடித்தார். "என்ன இப்படிக் கனக்குது?"

"உள்ள உரல் குழவி" என்றாள் அம்மா. அவளும் பொய்யில் சேர்ந்துவிட்டாள்.

அண்டாவை எங்கே வைப்பது என்றபோது நான்தான் கேட்டேன், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஜன்னலை ஒட்டி வைக்கச் சொல்லி. அவை கத்தினால் எனக்குக் கேட்க வேண்டும். அப்பா அங்கேயே வைத்தார். அதைச் சுற்றி மூட்டைகள், மேலே தார்ப்பாய்.

வண்டிக்காரர் விடியக் கிளம்பலாம் என்று முந்தின நாளே சொல்லியிருந்தார். அம்மாதான் ராகு காலம் கழியட்டும் என்றாள். உப்பு, மஞ்சள், நிறைகுடம், காமாட்சி விளக்கு, எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு நல்ல நேரத்துக்காகக் காத்திருந்தோம். அண்டா வெயிலில் காத்திருந்தது. நாங்கள் கிளம்பியபோது சாலையில் கானல் ஓடத் தொடங்கியிருந்தது.

முன்னால் நாங்கள் நாலு பேர். வண்டிக்காரர், அப்பா, அம்மா, அம்மாவின் மடிக்கும் கதவுக்கும் நடுவில் நான். கடமலைக்குண்டு தாண்டி, கண்டமனூர் தாண்டும்வரை ஒன்றுமில்லை. என்ஜின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. நான் அடிக்கடி பின்னால் திரும்பினேன். ஜன்னல் கம்பிக்கு அப்பால் நீலத் தார்ப்பாய் மட்டும் படபடத்தது.

தேனியைக் கடந்து வீரபாண்டிக்கு முன்னால் வண்டிகள் நின்றன. மஞ்சள் சேலைகள், வேப்பிலை, அக்கினிச்சட்டி, ஆயிரங்கண் பானை சுமந்தவர்கள், அவர்கள் காலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு கூடவே ஓடுகிறவர்கள். சாலையே தெரியவில்லை. வண்டிக்காரர் கொஞ்ச நேரம் உறுமிப் பார்த்துவிட்டு என்ஜினை அணைத்தார்.

என்ஜின் அணைந்ததும் சின்னவள் கத்துவது கேட்டது.

"என்ன சத்தம்?" என்றார் வண்டிக்காரர்.

"கோழி" என்றாள் அம்மா.

"கோழி இப்படியா கத்தும்?"

"வெயிலுக்குக் கத்தும்."

அவர் தலையைச் சாய்த்துக் கேட்கத் தொடங்கினார். நெற்றியில் திருநீறும் கண்ணாடியில் தொங்கிய எலுமிச்சையும் மிளகாயும் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கின்றன. நட்டநடு வழியில், இந்தக் கூட்டத்தில், இறங்குங்கள் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று அம்மாவின் கை என் கையை இறுக்கியது.

அப்பா என்னைப் பார்த்தார்.

"ஆத்தா, நீ படிச்சதக் கொஞ்சம் சொல்லு. தம்பி கேக்கட்டும்."

"எதச் சொல்ல?"

"வாய்ப்பாடு சொல்லு. சத்தமாச் சொல்லு."

எனக்குப் புரிந்தது. ரெண்டாம் வாய்ப்பாட்டில் தொடங்கினேன்.

உங்களில் எத்தனை பேர் பெரியவர்கள் முன்னால் இப்படி நிறுத்தப்பட்டிருப்பீர்கள். விருந்துக்கு வந்தவர்களுக்கு, பெண் பார்க்க வந்தவர்களுக்கு, போஸ்ட்மேனுக்கு. நான் நன்றாகச் சொன்னேன். தடுமாறவில்லை. நாலு, அஞ்சு, ஆறு என்று போகப் போக வண்டிக்காரரின் முகம் மலர்ந்தது.

"எப்படிண்ணே, மெஷின் மாதிரில்ல சொல்லுது."

"எங்க குடும்பத்துல இதுதான் மொத மொத" என்றார் அப்பா. முகத்தில் வியர்வை வழிந்தது. அதற்கு நடுவிலும் அவர் குரலில் அந்தப் பெருமை இருந்தது.

சின்னவள் கத்தும்போது நான் குரலை உயர்த்தினேன். அவள் நிறுத்தும்போது நானும் மூச்சு வாங்கினேன். கொஞ்ச நேரத்தில் எனக்கு ஒன்று தெரிந்தது. நான் சொல்லச் சொல்ல அவள் இன்னும் அதிகமாகக் கத்தினாள். அவளுக்குத் தெரிந்த குரல் அது. தினமும் சாயங்காலம் அந்தக் குரல் கேட்டால் வந்து பக்கத்தில் உட்காருவாள். நான் அவளைக் கூப்பிடுகிறேன் என்று நினைத்திருக்கிறாள். வர முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அதன் மேலேயே வாய்ப்பாட்டைப் போட்டு மூடினேன்.

பன்னிரண்டு முடிந்ததும் மறுபடியும் ரெண்டிலிருந்து சொல்லச் சொன்னார் அப்பா. வண்டி பத்தடி நகரும், நிற்கும். நீர்மோர்ப் பந்தலிலிருந்து ஒருவர் ஓடி வந்து ஜன்னல் வழியாக டம்ளர்களை நீட்டினார். பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் மிதக்கிற மோர். என் தொண்டை காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. டம்ளரைப் பிடித்தபடி நான் பின்னால் பார்த்தேன். ஜன்னல் கம்பிக்குள் என் கை நுழையும். ஆனால் தார்ப்பாய் இருக்கிறது, சேலைத் துணி இருக்கிறது, பக்கத்தில் வண்டிக்காரர் இருக்கிறார்.

நான் குடித்தேன். முழுவதையும் குடித்தேன். வண்டிக்காரர் தன் டம்ளரையும் என் பக்கம் நீட்டினார்.

"குடி பாப்பா. எம்புட்டு நேரமா சொல்லிட்டு வாரே. தொண்டை காஞ்சிருக்கும்."

அதையும் குடித்தேன்.

பிறகு அவர் கேட்டார். "பன்னெண்டுக்கு மேல தெரியுமா?"

தெரியும். பள்ளியில் பன்னிரண்டுவரைதான். அதற்கு மேல் நானாகப் படித்தது, பதினாறுவரை. இதைச் சொல்லிக் காட்ட ஒரு ஆள் கிடைத்ததில் அந்த வெயிலிலும் எனக்கு ஒரு துள்ளல் வந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பதிமூன்றாம் வாய்ப்பாட்டைத் தொடங்கினேன்.

"ஆறு பதிமூணு எழுவத்தெட்டு. ஏழு பதிமூணு தொண்ணூத்தொண்ணு."

அங்கே மூச்சு வாங்கினேன். பின்னால் சத்தமில்லை.

கோவிலிலிருந்து மேளம் கேட்டது. யாரோ குழந்தையைத் திட்டுவது கேட்டது. மேலே கோழி ஒன்று சிறகை உதறியது கேட்டது. நான் காத்திருந்தேன்.

"என்ன பாப்பா, மறந்து போச்சா?"

"பதிமூணு இன்னும் பாடமாகல அதுக்கு" என்றாள் அம்மா.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் முன்கண்ணாடி வழியாகச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் விலகி வழி கிடைத்தது. வண்டிக்காரர் என்ஜினைப் போட்டார். நான் பதினாலில் இருந்து ஆரம்பித்தேன்.

சின்னமனூர், உத்தமபாளையம், இரண்டு பக்கமும் பச்சை, வாய்க்கால் நிறையத் தண்ணீர். எங்கள் பக்கத்தில் பார்த்தே அறியாத தண்ணீர். நான் அதைப் பார்க்கவில்லை.

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் அம்மா விளக்கை எடுத்துக்கொண்டு முதலில் உள்ளே போனாள். பால் பொங்கும்வரை அண்டா இறங்கக் கூடாது என்று அப்பாவிடம் மெதுவாகச் சொன்னாள். அப்பா அதைக் கேட்கவில்லை. வண்டிக்காரர் கை கால் கழுவத் தொட்டிப் பக்கம் போனதும், அண்டாவைத் தனியாகத் தோளில் தூக்கி மோட்டார் ரூமுக்குப் பின்னால் கொண்டு போனார். நானும் ஓடினேன். சேலைத் துணி எப்போதோ காய்ந்து முறுகியிருந்தது. அண்டாவின் வெளிப்பக்கம் தொட முடியாமல் சுட்டது.

கயிற்றை அவிழ்த்தார்.

பெரியவள் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அவள் நாக்கு வெளியே இருந்தது. அவள் முன்னங்கால் சின்னவளின் மேல் இருந்தது. சின்னவள் என் பாவாடையின் மேல் நீளமாகப் படுத்திருந்தாள், நாலு வெள்ளைக் கால்களையும் நீட்டியபடி. பத்தாம் வாய்ப்பாட்டில் தூங்குகிற மாதிரிதான் இருந்தது.

அப்பா அவளை எடுத்துத் தொட்டித் தண்ணீரில் நனைத்தார். தேய்த்தார். வாயில் ஊதினார். மறுபடி நனைத்தார்.

வண்டிக்காரர் எங்கள் பின்னால் வந்து நின்றது எப்போது என்று தெரியாது. ஈரக் கையோடு நின்றிருந்தார். அவருக்கு எல்லாம் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. கோபப்படப் போகிறார் என்று அப்பா எழுந்து கையைக் கூப்பினார். அவர் அப்பாவைப் பார்க்கவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பெரியவளின் முன்னால் உள்ளங்கையில் தண்ணீரை நீட்டினார். அவள் நக்கிக் குடித்தாள்.

"சொல்லியிருக்கலாம்லண்ணே" என்றார்.

அப்பா கூப்பிய கையை இறக்கவே இல்லை.

"பந்தல்ல தண்ணி வாங்கி ஊத்தியிருப்பேன்ல. பூனை ஆகாதுன்னு சொன்னேன். உசுரு ஆகாதுன்னா சொன்னேன்?"

பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறந்ததில்லை. அவர் அந்த வாய்ப்பாட்டையெல்லாம் மனதுக்குள் முதலிலிருந்து திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். அம்மா பாலைக் கொண்டு வந்து கொடுத்தாள். வேண்டாம் என்றுவிட்டுப் போனார்.

திராட்சைப் பந்தலின் கடைசிக் கல்தூணுக்கு அடியில் சின்னவளைப் புதைத்தோம். பாவாடையோடு.

பெரியவள் பன்னிரண்டு நாள் இருந்தாள். மோட்டார் ரூம், வைக்கோல் படப்பு, உர மூட்டைகளின் இடுக்கு என்று ஒவ்வொரு இடமாகத் தேடினாள். கழுவிக் கவிழ்த்திருந்த அண்டாவைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஒரு நாள் காலையில் வைத்த சோறு அப்படியே இருந்தது. மறுநாளும் இருந்தது.

"ஊருக்குப் போயிருப்பா" என்றார் அப்பா. கிழக்கே இருந்த மலையைக் காட்டினார். "இதுக்கு அந்தப் பக்கந்தான் நம்ம ஊரு. நாமதான் தேனியச் சுத்தி வந்தோம். அவ நேரா ஏறி எறங்கிருவா."

நான் படித்தவள் அல்லவா. புதுப் பள்ளியில் சேர்ந்ததும் சுவரில் தொங்கிய வரைபடத்தில் பார்த்தேன். அப்பா சொன்னது உண்மைதான். இரண்டு பள்ளத்தாக்குகளுக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்குத்தான் மலை. அதில் உள்ள காட்டைப் பற்றியோ, காட்டில் இருப்பவற்றைப் பற்றியோ படம் எதுவும் சொல்லவில்லை. நான் நம்பினேன். பக்கத்து வீட்டு அத்தைக்கு அட்டை எழுதினேன்.

"அன்புள்ள அத்தைக்கு, நாங்கள் நலம். பெரியவள் அங்கு வந்தாளா? வந்தால் சோறு வையுங்கள். சின்னவளைக் கேட்டு அழுதால் திண்பதற்கு மீன் கொடுங்கள். நான் ஆறாம் வகுப்பு படிக்கிறேன்."

"தின்பதற்கு" என்பதைத் தப்பாக எழுதியிருக்கிறேன் என்பதை இப்போதுதான் பார்த்தேன். அட்டையை அப்பாவிடம் கொடுத்துத் தபால் பெட்டியில் போடச் சொன்னேன். தீபாவளிவரை பதிலுக்குக் காத்திருந்தேன். அத்தைக்கு எழுதத் தெரியாது, எழுதித் தர ஆள் கிடைத்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த அண்டாவில் அம்மா அதற்குப் பிறகு எதையும் சமைக்கவில்லை. ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்தபோது அது இல்லை. பழைய பாத்திரக்காரரிடம் போட்டுவிட்டதாகச் சொன்னாள். அவள் பிறந்த வீட்டுச் சீர் அது ஒன்றுதான். இப்போது அம்மாவும் இல்லை.

நான் படித்தேன். நன்றாகவே படித்தேன். ஆசிரியர் வேலைக்கு வந்தேன். என் வகுப்பில் வாய்ப்பாட்டை எழுத வைப்பேன், ஒப்பிக்க வைக்க மாட்டேன். புதுமுறைக் கல்வி என்று தலைமையாசிரியர் பாராட்டினார். மறுத்துச் சொல்லவில்லை.

போன வாரம் கிளம்பினோம். சேலம் பக்கம் ஒரு பள்ளி. சாமான் லாரி முன்னாலேயே போய்விட்டது. காரில் நான், அப்பா, ஒரு வாடகை டிரைவர், என் மடியில் கூண்டுக்குள் ஒரு மஞ்சள் பூனை. கால்நடை மருத்துவரிடம் கேட்டு எல்லாம் செய்திருந்தேன். வலை வைத்த கூண்டு, காலையில் சாப்பாடு கிடையாது, தண்ணீர் மட்டும். இருட்டு பிரியுமுன் கிளம்பினோம். நல்ல நேரம் பார்க்கவில்லை.

வீரபாண்டிக்கு இப்போது ஊருக்கு வெளியே புதுச் சாலை இருக்கிறது. அப்பா டிரைவரிடம் பழைய சாலையிலேயே போகச் சொன்னார். கோவிலுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். சாமி கும்பிடத்தான் என்று நினைத்தேன். அவர் இறங்கி, பாட்டில் தண்ணீரில் தோள் துண்டை நனைத்துப் பிழிந்து, என் பக்கக் கதவைத் திறந்தார். வெயிலே இன்னும் வரவில்லை.

"தெறந்து பாரு ஆத்தா."

"நல்லாத்தான்ப்பா இருக்கு. இப்பத்தான் பாத்தேன்."

"இன்னொருக்கா பாரு."

திறந்தேன். பூனை கொட்டாவி விட்டது. அப்பா விரலை நீட்டி அதன் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். ஈரத் துண்டைக் கூண்டின் மேல் போட்டார்.

"பதிமூணுலதான நிறுத்துன நீ" என்றார்.

இத்தனை வருடமும் அது எனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

"ஏழு பதிமூணு சொன்ன. அடுத்தது சொல்லல. எனக்குக் கணக்குத் தெரியாது. ஆனா தெனம் கேக்குறவன்ல, அடுத்து ஒண்ணு வரணும்னு தெரியும்."

"ஒங்களுக்கும் கேட்டுச்சாப்பா?"

"கேக்கல ஆத்தா. அதுலதான் தெரிஞ்சுச்சு."

கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினேன். பெட்டியில் பார்த்ததிலிருந்து கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். படிக்கத் தெரியாவிட்டாலும் எது என்று தெரிந்தது.

"இத ஏன்ப்பா போடல?"

"போட்டா பதில் வந்துரும்ல."

அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு முன்னால் போய் உட்கார்ந்தார். கார் கிளம்பியது. நான் கூண்டின் மேல் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"எட்டு பதிமூணு நூத்திநாலு. ஒம்பது பதிமூணு நூத்திப் பதினேழு."

உள்ளேயிருந்து பூனை ஒரு முறை கத்தியது. டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

"என்னக்கா, பூனை கத்துது. வண்டிய நிறுத்தவா?"

நின்று கிளம்பி அரை கிலோமீட்டர்கூட ஆகியிருக்காது. நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"நிறுத்துங்க தம்பி" என்றார் அப்பா.